இலண்டன் குளிரில் வியர்த்தோம்

பேரப்பிள்ளையைக் காண இலண்டன் செல்கிறோம், அதுவும் டிசம்பர் மாதத்தில் செல்கிறோம் என்று நாங்கள் சொன்ன நாள்முதல் எங்கள் தெருவில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கம்பளிச் சட்டை வாங்கியாயிற்றா என்பார் ஒருவர்; காதை மூடாமல் வெளியே இறங்காதீர்கள் என்பார் மற்றொருவர்; இன்னொருவர் தைலப் புட்டிகள் இரண்டினை வீடு தேடிக் கொண்டுவந்து தந்தார். குளிரால் விளையக்கூடிய துன்பங்கள் அனைத்தையும் அவர்கள் எங்களுக்கு விளக்கிவிட்டனர். ஆனால் புழுக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறைகூறி என்ன பயன்? பனி பெய்யும் ஊரில் வியர்வை வழிய மயங்கிச் சரிய நேரும் என்று தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எவருக்குத்தான் தோன்றும்?

2022-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் அங்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் மகள் மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். கிழக்கு இலண்டனில் இல்ஃபோர்டு என்னும் பகுதியில் குடியிருக்கிறார்கள். மருமகன் பெரிய கட்டடங்களில் வெப்பமூட்டும் சாதனங்களையும் காற்றோட்டக் குழாய்களையும் பராமரிக்கும் தொழில் செய்பவர். அவருடைய தொழிலை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னர் விளங்கும். நாங்கள் சென்ற சில நாள்களில், 11-ஆம் தேதி இரவில், பனி கொட்டியது. விடிந்ததும் சன்னல் வழியே பார்த்தால், நம் ஊர் உப்பளங்களில் உப்பைக் குவித்து வைத்தாற்போல் தெருவெங்கும் வெண்மை. பேரன் துள்ளிக் குதித்தான். நாங்கள் போர்வையை இன்னும் சற்று இழுத்துக்கொண்டோம்.

அந்த ஆண்டின் குளிர் அங்குள்ள குடும்பங்களுக்கு வெறும் குளிராக இருக்கவில்லை. பிப்ரவரி மாதம் உக்ரைன் நாட்டின்மீது இரஷ்யா படையெடுத்த பின்னர் ஐரோப்பா முழுவதிலும் எரிவாயுவின் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. வீடுகளைச் சூடேற்றுவது பெரும்பாலும் எரிவாயுவைக் கொண்டுதான். எங்கள் மகள் வீட்டில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், அவ்வளவே. மற்ற வேளைகளில் வீட்டிற்குள்ளேயே கம்பளிச் சட்டை அணிந்திருந்தோம். அடுக்களை மேடைமேல் ஒரு சிறு பெட்டி, அன்றன்று செலவாகும் தொகையைக் காட்டிக்கொண்டே இருக்கும். மருமகன் வேலையிலிருந்து திரும்பியதும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்னர் அப்பெட்டியைத்தான் ஒரு கண்ணால் பார்ப்பார். வரவேற்பறையில் 17 பாகைக்கு மேல் நாங்கள் பெரும்பாலும் கண்டதில்லை.

இந்நிலையில் ஒருநாள் ஆக்ஸ்போர்டு தெருவின் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காட்ட எங்களை அழைத்துச் சென்றார்கள். எலிசபெத் தடத்து இரயில்கள் நவம்பர் மாதத்திலிருந்துதான் இல்ஃபோர்டிலிருந்து நேராக நகரின் நடுவே ஓடத் தொடங்கியிருந்தன. ஆகவே மாறி ஏறும் தொல்லையின்றி டாட்டன்ஹம் கோர்ட் சாலையில் இறங்கினோம். விளக்குகள் அழகுதான். ஆயினும் எங்களை வியப்பில் ஆழ்த்தியவை விளக்குகள் அல்ல, கதவுகள். வெளியே வாயைத் திறந்தால் புகை வருகிறது. அத்தகைய குளிரில் எத்தனையோ கடைகளின் அகன்ற கதவுகள் முற்றும் திறந்து கிடந்தன. நம் ஊரில் சித்திரை மாதத்தில் பெரிய துணிக்கடைகள் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காற்றை நடைபாதைக்குத் தானம் செய்வதை நாம் அறிவோம். அதே தானத்தை இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள்.

உள்ளே நுழைந்தோம். வாசற்படியைத் தாண்டும்போது உச்சந்தலையில் அனற்காற்று ஒன்று வீசியது. சூளைக்கு அருகே போனாற்போல இருந்தது. நாலடி நடந்ததும் அது நின்றது. ஆனால் அதற்குப்பின் கடை முழுவதுமே வெம்மை. நாங்கள் அணிந்திருந்தவற்றைக் கணக்கிட்டால் உள்சட்டை, மேற்சட்டை, கம்பளிச் சட்டை, முழங்கால்வரை தொங்கும் மேலங்கி, கழுத்துத்துணி, குல்லாய், கையுறை. இவற்றோடு ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றியவற்றை எங்கே வைப்பது? ஒரு கையில் இரண்டு மேலங்கி, மறுகையில் கடைக்கூடை, குல்லாய்கள் கக்கத்தில். துணியைத் தொட்டுப் பார்க்கக் கை ஒழிவில்லை. “ஏங்க, இது துணிக்கடையா, இட்லிக் கொப்பரையா?” என்று எங்களில் வீட்டம்மாள் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. கடை ஊழியர்களோ அரைக்கைச் சட்டையில் இருந்தனர். எதையும் வாங்காமல் வெளியேறினோம். வியர்வை ஈரத்தோடு தெருவில் கால் வைத்ததும் நடுக்கம். மறுநாள் இருவருக்கும் சளி. தைலப் புட்டி அப்போதுதான் முதன்முதலாகத் திறக்கப்பட்டது.

அன்று இரவு உணவின்போது மருமகனிடம் கேட்டோம். தம் தொழிலைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் அவர் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு விளக்கத் தொடங்கினார்.

உடை உடலுக்கு எவ்வளவு வெப்பக் காப்பு அளிக்கிறது என்பதை அளக்க ‘குளோ’ என்றொரு அலகு உண்டாம். 1941-இல் உடலியல் அறிஞர் மூவர் அதனை வகுத்தனர். 21 பாகை வெப்பமுள்ள அறையில் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்குப் போதுமான உடையே ஒரு குளோ. கோட்டும் காற்சட்டையும் அணிந்த அலுவலரை நினைத்துக்கொள்ளலாம். வெளியே செல்லும் குளிர்கால உடை இரண்டினை எட்டிவிடும். கடையில் நிற்கும் பையனின் அரைக்கைச் சட்டையும் காற்சட்டையும் சேர்ந்து அரை குளோதான். “இப்போது சொல்லுங்கள் மாமா, ஒரே அறையில் இவ்விருவருக்கும் ஒரே வெப்பம் எப்படிப் பொருந்தும்?” என்றார். நாள் முழுவதும் நிற்பவர்கள் ஊழியர்கள். ஆகவே வெப்பம் அவர்களுக்கு ஏற்றபடி வைக்கப்படுகிறது. கால் மணி நேரம் வந்துபோகிறவர் மேலங்கிக்குள் வேகிறார்.

அது மட்டுமன்று. சூடான காற்று இலேசானது. எனவே திறந்த கதவின் மேற்பாதி வழியாக வெளியே செல்கிறது. அதன் இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழ்ப்பாதி வழியாகத் தரையோடு ஊர்ந்து உள்ளே வருகிறது. இதைத் தடுக்கத்தான் வாசலுக்கு மேலே காற்றுத்திரை என்னும் சாதனத்தைப் பொருத்தி, அனற்காற்றைக் கீழ்நோக்கி வீசச் செய்கிறார்கள். எங்கள் உச்சந்தலையைச் சுட்டது அதுவே. காற்றுத்திரை ஓரளவு தடுக்கும். மூடிய கதவுக்கு ஈடாகாது. வாசலருகே பணம் வாங்கும் பெண்ணுக்குக் கால் விறைக்கிறது. அவள் முறையிட்டால் வெப்பத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் கடையின் பின்பகுதி வேகிறது. கூட்டம் சேர்ந்துவிட்டாலோ இன்னும் மோசம். ஒரு மனித உடல் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் நூறுபேர் நிற்கும் கடையில் நூறு கணப்புகள் நடமாடுகின்றன என்று கொள்ளலாம்.

“அப்படியானால் கதவை மூடித் தொலைக்கலாமே?” என்று நாங்கள் கேட்டதற்கு அவர் சிரித்தார். மூடிய கதவைக் கண்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது வணிகர்களின் நம்பிக்கையாம். தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் திறந்த கதவு வசதி என்பதும் உண்மைதான். ஆனால் தானே திறந்து தானே மூடும் கதவு இன்று எங்கும் கிடைக்கிறது. கதவை மூடிவைத்தால் கடையின் ஆற்றல் செலவு பாதிவரை குறையக்கூடும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2010-இல் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். நாங்கள் அங்கிருந்த அதே ஆண்டில் பிரான்சு, ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளிலும் கடைக்கதவுகளைத் திறந்துபோடக் கூடாது என்று ஆணைகள் பிறந்திருந்தன; பிரான்சில் மீறினால் 750 யூரோ தண்டம். இங்கிலாந்தில் அத்தகைய கட்டாயம் எதுவும் விதிக்கப்படவில்லை. அதனை வணிகரின் மனத்திற்கே விட்டுவிட்டனர்.

சட்டமே இல்லாத நாடு என்று எண்ணிவிடவேண்டா. 1963-ஆம் ஆண்டிலேயே அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் இரயில்வே இடங்களுக்குமென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். கடினமான உடலுழைப்பு இல்லாத இடத்தில், வேலை தொடங்கி முதல் மணி நேரம் கழிந்தபின் வெப்பம் 16 பாகைக்குக் குறைந்திருந்தால் அது தக்க வெப்பமாகாது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு வெப்பமானி கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும். பொதுமக்கள் வந்துபோகும் இடமாகையால் வெப்பத்தைக் காக்க இயலவில்லையென்றால், ஊழியர்கள் குளிர்காய்ந்துகொள்ளவாவது ஏற்பாடு செய்தல் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. 1992-இல் வந்த விதிகளும் அந்த 16 பாகையைத்தான் வழிகாட்டுகின்றன. இவை குளிருக்கு எதிரான காவல். மிகுவெப்பத்திற்கு? 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974-இல், கடைகள் முதலிய இடங்களை 20 பாகைக்குமேல் சூடேற்றலாகாது என்று ஓர் ஆணை வந்தது. 1980-இல் அதை 19 ஆகக் குறைத்தனர். எரிபொருளை மிச்சப்படுத்தவே அந்த ஆணை. மயங்கி விழுபவரைக் காப்பாற்ற அன்று. மருமகன் தம் தொழிற்பையிலிருந்து விரல்நீள வெப்பமானி ஒன்றை எடுத்து எங்களிடம் தந்தார். “நாளை எங்கே போனாலும் இதைப் பாருங்கள் அத்தை” என்றார். வேலையற்ற எங்களுக்கு அது நல்ல விளையாட்டாயிற்று.

இல்ஃபோர்டு கடைவீதியில் வெப்பமானியோடு திரிந்த அந்நாள்களில் நாங்கள் கண்ட எண்கள் பல. மருந்துக்கடையில் 24. காலணிக்கடை ஒன்றில் 25. வங்கியில் 21, அங்கேதான் மனிதர் இருக்கலாம் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் நடத்தும் சிறு மளிகைக் கடையில் 12. முருங்கைக்காயும் பனங்கிழங்கும் கிடைக்கும் அக்கடையில் அவர் மேலங்கியோடும் விரல்நுனி வெட்டிய கையுறையோடும் நின்றிருந்தார். காலடியில் சிறியதொரு மின்கணப்பு. “வாங்கோ ஐயா, கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ” என்று அழைத்தார். கதவைச் சாத்தியும் ஏன் இந்தக் குளிர் என்று கேட்டோம். பால், தயிர் அடுக்கிய குளிர்ப்பேழையைக் காட்டினார். முன்புறம் மூடியில்லாத பேழை. அதன் இயந்திரமோ பின்முற்றத்தில். “கடைக்குள்ள இருக்கிற சூட்டை அது இழுத்து வெளியில விடுது அம்மா. நான் ஹீட்டரையும் போட்டா ரெண்டுக்கும் காசு கட்டோணும். கட்டிப்போட்டு என்னத்தை விக்கிறது?” என்றார். பெரிய கடைக்காரர் தெருவைச் சூடேற்றுகிறார். சிறிய கடைக்காரர் தம் பாலைக் குளிர்வித்துத் தாமும் குளிர்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். பேரனுக்குக் காலணி வாங்கவேண்டியிருந்தது. கிறிஸ்துமசுக்கு நாலைந்து நாள்களே இருந்த ஒரு பிற்பகல். மகள் பணியில் இருந்தாள். நாங்கள் இருவரும் தனியே அக்கடைவீதியின் பெரிய கடை ஒன்றிற்குச் சென்றோம். காலணிப் பகுதி மேல்தளத்தின் கடைக்கோடியில். கூட்டம் நெரிந்தது. வெப்பமானி 26-ஐக் காட்டியது. வரிசையில் நிற்கும்போது எங்களில் வீட்டம்மாளின் முகம் வெளுத்தது. இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். “கண்ணு இருட்டுதுங்க” என்று சொன்னதுதான் தாமதம், கால்கள் மடங்கின. கையிலிருந்த மேலங்கிகளையும் கூடையையும் எறிந்துவிட்டுத் தாங்கிப் பிடிக்க முயன்றோம். பின்னால் நின்ற ஒருவர் உதவியிராவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும்.

கடைப்பெண் ஒருத்தி ஓடிவந்தாள். இருபது வயதுகூட நிரம்பியிராது. கழுத்துத்துணியை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, அட்டை ஒன்றால் விசிறினாள். காலணி போட்டுப் பார்ப்பதற்காக அங்கே சாய்வுள்ள நாற்காலிகள் நான்கு இருந்தன, ஒன்றில் அமர்த்தினாள். ஐந்து நிமிடத்தில் நினைவு தெளிந்தது. முகத்தில் நிறம் திரும்பியது. எங்களுக்கோ சினம் அடங்கவில்லை. இவ்வளவு வெப்பம் எதற்கு, குறைக்கலாகாதா என்று அப்பெண்ணிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவள் வருந்தவில்லை, சிரிக்கவும் இல்லை. “மாலையானால் எனக்கும் தலைவலிதான். குறைக்கும் பொத்தான் எங்களிடம் இல்லை ஐயா. எல்லாம் தலைமையகத்திலிருந்து நடக்கிறது. கீழே வாசலருகே இருக்கும் தோழி குளிர்கிறது என்கிறாள். இரண்டு புகாரையும் ஒரே தாளில்தான் எழுதி அனுப்புகிறோம்” என்றாள்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கவனித்தோம். எண்பது வயதைக் கடந்த வெள்ளைக்கார மூதாட்டி. மடியில் கைப்பை. அந்த வெப்பத்திலும் மேலங்கியின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. குல்லாயும் தலையில் இருந்தது. காலணி எதையும் அவர் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டம்மாளின் கையைத் தொட்டு, “இப்போது நலமா?” என்றார். நலமே என்றோம். உங்களுக்குப் புழுக்கமாக இல்லையா, மேலங்கியைக் கழற்றலாமே என்று பேச்சுக்காகக் கேட்டோம். அவர் குரலைத் தாழ்த்தி, “கழற்றமாட்டேன். வீடுபோய்ச் சேரும்வரை இந்தச் சூட்டைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும்” என்றார்.

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். கணவர் இறந்துவிட்டார். தனியாகக் குடியிருக்கிறார். வீட்டில் இரவு படுக்குமுன் ஒரு மணி நேரம் மட்டும் கணப்பைப் போடுகிறார், அதற்குமேல் கட்டுப்படியாகவில்லை. காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் வந்து, முற்பகல் மருந்துக்கடைப் பக்கம், பிற்பகல் இந்த நாற்காலி. இப்பெண் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவாளாம். 1962-இன் கிறிஸ்துமஸ் மறுநாள் தொடங்கிய பெரும்பனியையும், 1974-இன் தொடக்கத்தில் வாரத்திற்கு மூன்று நாளே வணிகத்திற்கு மின்சாரம் தந்தபோது மெழுகுவத்தி ஏற்றிய கடைகளில் சாமான் வாங்கியதையும் அவர் வேடிக்கைபோலச் சொன்னார். “அப்போது எல்லாருக்கும் குளிர்ந்தது” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற இயலாதவர்களுக்கென்று நூலகங்களும் சமூகக் கூடங்களும் கோவில்களும் தங்கள் அறைகளைத் திறந்துவைத்திருந்தன. சூடான தேநீரும் கொடுத்தார்கள். எங்கள் மகள் செல்லும் பங்கிலும் மண்டபத்தில் வாரம் இருமுறை அவ்வாறு நடந்தது. அதைப் பற்றி அவரிடம் கூறினோம். அவருக்குத் தெரிந்தே இருந்தது. “அங்கே போனால் நான் ஏழை. இங்கே நான் வாடிக்கையாளர்” என்றார். நாங்கள் மேலே எதுவும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் மகளிடம் நடந்ததைச் சொன்னோம். அம்மாவுக்கு மயக்கம் வந்ததைக் கேட்டுக் கலங்கினாள். அழுத்தமானியைக் கொண்டுவந்து இருமுறை அளந்தாள். மூதாட்டியைப் பற்றிச் சொன்னபோது வியப்படையவில்லை. குளிர்ந்த வீடுகளிலிருந்து நெஞ்சுச் சளியோடும் ஏறிய இரத்த அழுத்தத்தோடும் வருகின்ற முதியோரைப் பனிக்காலம் முழுவதும் தன் பிரிவில் பார்க்கிறாளாம். வீட்டிற்குள் குறைந்தது 18 பாகையாவது வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் அறிவுறுத்தியிருப்பதையும் அவள்தான் சொன்னாள். “அந்தக் கடைக்காரன் தெருவில் கொட்டுகிற சூட்டில் அந்தத் தெருவையே காப்பாற்றலாம், அப்பா” என்றாள்.

முதல்நாள் மயக்கத்தின் சினத்தில், கடை முதலாளிகளுக்குப் புகார்க் கடிதம் ஒன்று எழுதித் தரும்படி மருமகனைக் கேட்டிருந்தோம். அவரும் கணினியில் எழுதி வைத்திருந்தார். வெப்பத்தைக் குறையுங்கள் என்பதே அதன் சாரம். அதைப் படித்தபோது எங்கள் கை ஓடவில்லை. குறைத்துவிட்டால் அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்? இரண்டு மாலை இதைப் பற்றியே பேசினோம். அந்தம்மாளுக்கு 26 தேவையில்லை, 19 போதும், குளிராத இடமும் சாய்ந்திருக்க ஒரு நாற்காலியும்தான் அவர் கேட்பது என்று மருமகன் சொன்ன பிறகே மனம் ஒப்பிற்று. கடிதத்தை மாற்றினோம். கதவை மூடிவையுங்கள், வெப்பத்தை 19 பாகையளவில் நிறுத்துங்கள், வாசலில் இருக்கும் பெண்ணுக்கு அது போதுமானதாக இருக்கும், மேலங்கிகளை மாட்டச் சில கொக்கிகள் அமையுங்கள், மேல்தளத்து நாற்காலிகளை மட்டும் ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். மயங்கியவரே முதலில் ஒப்பமிட்டார்.

பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. வாடிக்கையாளர்களின் கருத்துகளைத் தாங்கள் பெரிதும் மதிப்பதாகவும், உரிய துறைக்கு அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

சனவரி மூன்றாம் வாரம் ஊருக்குப் புறப்படுமுன் ஒருமுறை அங்கே சென்றோம். கதவு திறந்தே இருந்தது. மேலே அம்மூதாட்டி தம் நாற்காலியில் இருந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். இம்முறை நாங்கள் மேலங்கியைக் கழற்றாமலே சற்று நேரம் அவரோடு அமர்ந்திருந்தோம். வியர்த்தது. அவர் எங்கள் ஊரின் கடலைப் பற்றிக் கேட்டார். உப்பளங்களைப் பற்றிச் சொன்னோம். வெயிலில் காய்ந்தே உப்பு விளைகிறது என்பதைக் கேட்டு, அடுப்பே வேண்டாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டு வியந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் மகள் தொலைபேசியில் சொன்னாள். கடையைப் புதுப்பித்திருக்கிறார்களாம். கதவு முன்போலவே திறந்திருக்கிறதாம். காலணிப் பகுதியில் நாற்காலிகளை எடுத்துவிட்டு, சாய்வில்லாத சிறு முக்காலிகளைப் போட்டிருக்கிறார்களாம்.